ரூத் வரைக்கும்

இந்த மாதம் பத்தொன்பது கடிதங்கள். அதில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான், சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது: நான் கடைசிவரை நிலைத்திருப்பேனா, எனக்குப் பிறகு என் வீட்டில் யார் ஜெபிப்பார்கள்? ஐந்து கடிதங்களை எடுத்திருக்கிறேன். பெயர் போடவேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டுக்கொண்டதால் யாருக்கும் போடவில்லை.

கேள்வி: என் மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். சின்ன வயதில் ஓய்வுநாள் பாடசாலையில் வசனப் போட்டி என்றால் முதல் பரிசு அவனுக்குத்தான். இப்போது கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோவில். மருமகள் நல்ல பெண், ஆனால் அவளும் அப்படியே. பேரனுக்கு ஆறு வயது, தமிழ் எழுத்தே தெரியாது. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறேன், நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. நான் எங்கே தவறினேன் ஐயா?
(ஒரு தாய், 63 வயது, பாளையங்கோட்டை)

பதில்: அம்மா, முதலில் அந்த வாட்ஸ்அப் வசனத்தை நிறுத்துங்கள். கோபப்படாதீர்கள். ரோஜாப்பூ படத்துக்கு மேல் எழுதி வருகிற வசனம் அவனுக்கு வசனமாகப் போய்ச் சேரவில்லை, "நீ இன்னும் கோவிலுக்குப் போகவில்லை" என்கிற அம்மாவின் குரலாகத்தான் போய்ச் சேர்கிறது. நீல டிக் விழுகிறதே, அதற்கே அவனைப் பாராட்டவேண்டும்.

அடுத்தது, "எங்கே தவறினேன்". சாமுவேலின் பிள்ளைகள் பரிதானம் வாங்கினார்கள், நியாயத்தைப் புரட்டினார்கள் என்று வேதத்தில் இருக்கிறது. ஏலியைப் பிள்ளைகளுக்காகக் கடிந்துகொண்ட அதே வேதம், சாமுவேலை அவர் பிள்ளைகளுக்காக ஓரிடத்திலும் கடிந்துகொள்ளவில்லை. எசேக்கியா நல்ல ராஜா, அவர் மகன் மனாசே செய்யாத அட்டூழியம் இல்லை. மனாசேயின் மகன் ஆமோன் அதே வழி. அந்த ஆமோனுக்குப் பிறந்தவர்தான் யோசியா, எட்டு வயதில் சிங்காசனம் ஏறி தேசத்தையே திருத்தியவர். நல்ல அப்பாவுக்குக் கெட்ட மகன், கெட்ட அப்பாவுக்கு நல்ல மகன், இதில் என்ன கணக்கு இருக்கிறது? "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்பதை மிக்ஸி வாங்கும்போது கொடுக்கிற வாரன்டி கார்டு மாதிரி நம்மில் பலர் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். அது ஞானமொழி அம்மா, ஒப்பந்தப் பத்திரம் இல்லை. உங்கள் மகன் ஒரு மனிதன், அவனும் தேவனும் பேசித் தீர்க்கவேண்டியது கொஞ்சம் இருக்கிறது, அதற்குள் நீங்களோ நானோ நுழைய முடியாது.

என் அப்பாவின் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, பீடி சுற்றினாள். (ஒரு விசுவாசி பீடி சுற்றலாமா என்று அப்போதே சபையில் சிலர் கேட்டார்களாம், அவர்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு அரிசி வாங்கித் தரவில்லை.) சாயங்காலம் ஆனால் சுளகை மடியில் வைத்து, வெட்டின இலையில் தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கிப் போட்டுக்கொண்டே இருப்பாள், எட்டு வயதுப் பையன் நான் பக்கத்தில் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் சங்கீதம் வாசிக்கவேண்டும். வெளியே பையன்கள் கத்துவது கேட்கும். ஓடவேண்டும் என்கிற அவசரத்தில் நடுவில் ஒரு வசனத்தை முழுங்கிவிடுவேன். கை நிற்காது, தலை நிமிராது, "ஏல, அவர் என் ஆத்துமாவைத் தேற்றி எங்கல போச்சு?" என்பாள். எழுத்தே தெரியாதவள் எப்படிப் பிடிக்கிறாள் என்று அப்போது எனக்கு ஆச்சரியம், கொஞ்சம் பயம்கூட. வாசிக்கச் சொன்னதைத் தவிர அவள் எனக்கு ஒரு புத்திமதியும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

கல்லூரிக் காலத்தில் நான்கு வருடம் நான் கோவில் பக்கமே போகவில்லை. இதை எழுதுகிற குருவானவர்தான். அந்த நாட்களில் அவள் இறந்தாள். அடக்க ஆராதனையில் இருபத்துமூன்றாம் சங்கீதம் வாசித்தார்கள். எனக்குத்தான் விசுவாசமே இல்லையே, ஆனாலும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு வசனமும் விடாமல் வாசிக்கிறார்களா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

தீமோத்தேயுவின் வீட்டிலும் பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் என்று இரண்டு பெண்கள் பெயரைத்தான் பவுல் சொல்கிறார், அப்பாவைப் பற்றி வேதத்தில் கிரேக்கர் என்பதோடு சரி. அதனால் உங்களுக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். மே மாத லீவுக்குப் பேரன் வருவான் அல்லவா? அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாவிட்டால் போகட்டும், காது இருக்கிறது. முறுக்கு பிழியும்போதோ செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதோ உங்களுக்குப் பிடித்த கீர்த்தனை ஒன்றைப் பாடுங்கள், அவனைப் பாடச் சொல்லாதீர்கள். ராத்திரி படுக்கும்போது நீங்கள் எப்போதும் செய்கிற ஜெபத்தைச் சத்தமாகச் செய்யுங்கள், அதில் மருமகளுக்குப் போய்ச் சேரவேண்டிய செய்தி எதையும் சொருகாதீர்கள், குழந்தைக்கு அது உடனே தெரிந்துவிடும். மகனிடம் முடிந்தால், எப்போதாவது உங்களுக்கே விசுவாசம் ஆடிப்போன ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் சந்தேகம் வந்தது, ஆனாலும் அம்மா நின்றாள் என்பது அவனுக்கு இதுவரை தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் ஆலயத்துக்கு ஆறு மின்விசிறி வாங்கிக் கொடுக்கப் போகிறேன். இறக்கையில் எங்கள் அப்பா அம்மா பெயரை எழுதலாமா? வரும் தலைமுறை நினைக்கும் அல்லவா?
(ஒரு வியாபாரி, சாத்தான்குளம்)

பதில்: அண்ணாச்சி, மின்விசிறி ஓடும்போது பெயரைப் படிக்க முடியாது, படிக்கவேண்டுமென்றால் நிறுத்தவேண்டும், நிறுத்தினால் சபை வேர்த்துப்போய் உங்கள் அப்பாவை வேறு மாதிரி நினைக்கும். நீங்கள் யோசித்தது தப்பு என்று சொல்லவில்லை, அப்பா அம்மாவை நினைக்கவேண்டும் என்ற ஆசை நல்லதுதான். உங்கள் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தார், 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. 1931இல் விழுந்து அடிபட்டு, கடைசி இருபது வருடம் பெரும்பாலும் படுக்கையில். கல்லறையில் கல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து அதில் "அம்மாய்" என்று மட்டும் பொறித்தார்கள். மின்விசிறியைப் பெயரில்லாமல் கொடுங்கள். அப்பா அம்மாவைப் பற்றி உங்கள் பிள்ளைகளிடம் சாப்பிடும்போது சொல்லுங்கள்.

கேள்வி: பதினெட்டு வயதில் வாலிபர் முகாமில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அந்த இரவு அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது 27. வேதம் திறந்தால் எழுத்து மட்டும் தெரிகிறது. ஜெபத்தில் தூங்கிவிடுகிறேன். விசுவாசத்தை விட்டு விலகின பின்மாற்றக்காரன் ஆகிவிட்டேனா? (இரவு ஷிப்ட் வேலை, காலை ஏழு மணிக்கு வந்து படுப்பேன், பதினொன்றுக்கு எழுந்துவிடுவேன்.)
(ஒரு தம்பி, சென்னை)

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, பதில் அங்கேயே பாதி இருக்கிறது. நான்கு மணி நேரம் தூங்குகிறவன் ஜெபத்தில் தூங்காமல் வேறெங்கே தூங்குவான்? எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்றபோது தேவன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார் மனுஷன், மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. அதற்கப்புறம்தான் ஓரேபுக்கு நாற்பது நாள் நடை, மெல்லிய சத்தம் எல்லாம்.

முகாமில் வந்த அழுகை பொய் இல்லை. ஆனால் நெருப்பு மூட்டி, கித்தார் வாசித்து, மூன்று நாள் வீட்டை விட்டு விலகி இருந்த இடத்தில் வந்த உணர்ச்சி, மின்சார ரயிலிலும் இரவு ஷிப்டிலும் வரவில்லையே என்று தேடினால் கிடைக்காது. கல்யாணமான யாரையாவது கேளுங்கள். இப்போதைக்கு நாளுக்கு ஒரு சங்கீதம், அதுவும் சத்தமாக, புரிந்தாலும் புரியாவிட்டாலும். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வராவிட்டால் "ஏன் வரவில்லை" என்று திங்கட்கிழமை போன் போட்டுக் கேட்கிற அளவுக்குச் சின்ன சபை ஒன்றைப் பாருங்கள். ஐயாயிரம் பேர் கூடுகிற இடத்தில் நீங்கள் ஒரு வருடம் காணாமல் போனாலும் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: 34 வருடம் ஓய்வுநாள் பாடசாலை நடத்தினேன். ஒரு காலத்தில் எண்பது பிள்ளைகள் வந்தார்கள், இப்போது ஏழு. படித்துப் போனவர்கள் ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. முழங்கால் வலி. நான் இல்லாவிட்டால் இது நின்றுவிடும் என்பதற்காகப் போய்க்கொண்டிருக்கிறேன். என்னத்தைக் கண்டேன் என்று சில நாள் தோன்றுகிறது.
(ஒரு ஆசிரியை, 70 வயது, நாசரேத்)

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். சட்டென்று பதில் எழுத வரவில்லை.

தரங்கம்பாடிக்குப் போயிருக்கிறீர்களா? ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் அங்கே இருக்கிறது, 1718இல் பிரதிஷ்டை ஆனது. அடுத்த வருடம் பிப்ரவரியில் அதே ஆலயத்துக்குள் அவரை அடக்கம் செய்தார்கள். வயது 36. 1706 ஜூலையில் கப்பலிலிருந்து இறங்கியபோது ஒரு தமிழ் வார்த்தை தெரியாது, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து பழகினார். அடுத்த வருடம் முதல் ஞானஸ்நானம், ஐந்து பேர், டேனிஷ்காரர்கள் வீட்டில் அடிமைகளாக இருந்தவர்கள். அதற்கடுத்து, அவரை அனுப்பியது டென்மார்க் ராஜா, ஆனாலும் டேனிஷ் கோட்டைத் தளபதியே அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் போட்டார். புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிய 1715 ஆயிற்று. பிறகு பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வந்தவர் ரூத் வரைக்கும் வந்தார், அதற்குமேல் இல்லை.

இந்த "ரூத் வரைக்கும்" என்பது எனக்கு ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம். எப்பேர்ப்பட்ட இடத்தில் நின்றுபோயிருக்கிறது பாருங்கள். மாமியாரை விடாத ஒரு விதவை, கதிர் பொறுக்கினவள், அவள் கதை நான்கே அதிகாரம், கடைசி வசனத்தின் கடைசிப் பெயர் தாவீது. ரூத் அந்தத் தாவீதுக்குக் கொள்ளுப்பாட்டி. அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்கினபோது அவளுக்கு அது தெரியுமா? சாமுவேலின் புத்தகத்தைத் திறந்தால்தான் தாவீது எண்ணெய் பூசப்பட்டு நடந்து வருவார், அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுத சீகன்பால்குக்கு நாள் இல்லை. அவர் இறந்த அதே 1719இல் சூல்ச் என்று இன்னொருவர் கப்பலில் வந்து இறங்கினார், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனார், 1728இல் பழைய ஏற்பாடு அச்சில் முடிந்தது. சூல்ச்சின் தமிழ் அவ்வளவு நன்றாக இல்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள், அந்தத் திருத்தத்தையும் அதற்குப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள், அப்படித்தான் நீங்கள் 34 வருடம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுத்த வசனங்கள் உங்கள் கைக்கு வந்தன.

எண்பது பேர் ஏழானதற்கு உங்கள் மேல் குற்றமில்லை. ஊரில் பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள், இருக்கிறவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை டியூஷன். ஆனால் ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். "நான் இல்லாவிட்டால் நின்றுவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். 34 வருடத்தில் பக்கத்தில் ஒருத்தியை உட்கார வைத்துப் பழக்கவில்லையா? நம் சபைகளில் இது பெரிய வியாதி. ஓய்வுநாள் பாடசாலை அலமாரிச் சாவி ஒருவர் இடுப்பிலேயே இருக்கும், பிளானல் போர்டும் படங்களும் அதற்குள், அவர் ஊருக்குப் போனால் அன்றைக்குப் பாடம் கிடையாது. அவருக்கு மேல் பற்று உள்ளவர் யாரும் இல்லை என்பதும் உண்மை, அவர் யாரையும் தொடவிடமாட்டார் என்பதும் உண்மை. மோசே யோசுவாவைக் கூடவே வைத்திருந்தார். யோசுவா யாரைக் கூட வைத்திருந்தார் என்று வேதத்தில் தேடிப் பார்த்தேன், ஒரு பெயரும் அகப்படவில்லை, நியாயாதிபதிகள் இரண்டாம் அதிகாரத்தில் "கர்த்தரை அறியாத வேறொரு சந்ததி எழும்பிற்று" என்று வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பது சரியா என்று பண்டிதர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

வருகிற ஏழு பேரில் பெரிய பிள்ளை யார்? பதிமூன்று, பதினான்கு வயது இருக்குமா? அடுத்த வாரம் சின்னவர்களுக்குக் கதை சொல்ல அவளை விடுங்கள். தப்பாகச் சொல்வாள். நோவாவின் பேழையில் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்பாள். குறுக்கே பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருங்கள், முழங்காலுக்கும் நல்லது. சாவியை கிறிஸ்துமஸுக்குள் அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பதினோரு வருடத்துக்கு முன் சபை மக்களிடம் சீட்டு நடத்தினேன். இரண்டு பேர் எடுத்துவிட்டுக் கட்டாமல் ஓடிவிட்டார்கள், சீட்டு உடைந்தது. பதினான்கு பேருக்குப் பணம் கொடுக்கவேண்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஒன்பது பேருக்குக் கொடுத்துவிட்டேன். மீதி ஐந்தில் ஒருவர் இறந்துவிட்டார். அன்றிலிருந்து கோவிலுக்குப் போகவில்லை, வீட்டில் ஜெபிக்கிறேன். நான் அந்தச் சபையில் மூப்பனாக இருந்தவன். என் பிள்ளைகளுக்கு நான் விட்டுப்போவது இந்த அவமானம்தானா?
(66 வயது, பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: ஐயா, மேலே டீச்சருக்கு எழுதியதில், பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள் என்றேன் அல்லவா, அவர்களில் முக்கியமானவர் பப்பிரிசியஸ் என்கிற ஜெர்மன் மிஷனரி. 1740இல் இந்தியாவுக்கு வந்தார், சென்னையில் கிட்டத்தட்ட ஐம்பது வருடம். அவர் செய்த வேதமொழிபெயர்ப்பைத் தமிழ் லுத்தரன் சபைகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள், அவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகளை நாமும் பாடுகிறோம். அந்த மனிதர் வயதான காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். பணம் கொடுக்கல் வாங்கலில் இறங்கி, கொடுத்தது திரும்பி வராமல், நம்பிக் கொடுத்தவர்களுக்கு அடைக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். 1791இல் இறந்தார், பழைய ஏற்பாடு முழுதும் அச்சாகி வந்தது 1796இல், அவர் பார்க்கவில்லை.

இதை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்கிறேன் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மொழிபெயர்ப்பு அருமையாக இருப்பதால் பணம் இழந்தவர்களுக்குப் பணம் வந்துவிடவில்லை. இரண்டும் இரண்டுதான், ஒன்றை வைத்து மற்றதை அழிக்க முடியாது. ஓடிப்போன இரண்டு பேரை உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள் (சுருக்கிப் போட்டதில் ஒரு இடம்தான் மிஞ்சியது). இனி அவர்களை விட்டுவிடுங்கள். சபை மக்கள் உங்களை நம்பிக் கொடுத்தார்கள், அந்த இருவரை நம்பி இல்லை. உங்களுக்கும் இது தெரியும், தெரியாமலா பதினோரு வருடமாக ஒன்பது பேருக்கு அடைத்தீர்கள்? யாரும் வழக்குப் போடவில்லை, யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்காகக் கொடுத்தீர்கள்? அப்பா மாதம் பிறந்ததும் ஒரு கவரில் பணத்தை எண்ணி வைத்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

கோவிலுக்குப் போகத்தான் வேண்டும். மாற்கு பாதி வழியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியவர், அவரை முன்னிட்டு பவுலும் பர்னபாவும் பிரிந்தே போனார்கள். கடைசியில் சிறையிலிருந்து எழுதும்போது "மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா" என்று கேட்கிறார் அதே பவுல். இடையில் எத்தனை வருடம், எப்படிச் சமாதானம் ஆனது, யார் முதலில் பேசினார்கள், ஒன்றும் எழுதவில்லை. உங்கள் சபையிலும் முதல் ஞாயிறு சங்கடமாகத்தான் இருக்கும். சிலர் பார்க்காத மாதிரி இருப்பார்கள், ஒருவராவது "வட்டியோடு வந்துவிட்டாரா" என்று கேட்கும்படியாகவே சொல்வார், சொல்லட்டும், அவருக்கு உரிமை இருக்கலாம். மூப்பர் பெஞ்சில் போய் உட்காராதீர்கள். இப்போதுள்ள குருவானவரை முந்தின நாளே வீட்டில் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், வேறு யாரோ சொல்லி அவர் கேள்விப்படவேண்டாம்.

ஐந்தில் ஒருவர் இறந்துவிட்டார் என்கிறீர்கள். இனி அந்தப் பணத்தை யாரிடம் கொடுப்பது என்று விட்டுவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு பயம். அவருக்கு மகள் இருக்கிறாள், பக்கத்து ஊரில் தையல்கடை வைத்திருக்கிறாள் என்று கடிதத்தின் ஓரத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்ற நான்கு பேருக்கு முன்னால் அங்கே போங்கள்.